உதடு அசையுது, மேடம்

வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. மற்றபடி அம்மாவிலிருந்து தெருமுனை மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கும்பல்தான். ஏழு வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் விளையாடியபோது, உள்ளே நாலைந்து பேர் சண்டை போடுகிறார்கள் என்று பயந்து அம்மா கதவை இடித்திருக்கிறாள். திறந்து பார்த்தால் இவள் ஒருத்தி. "ஒரு கும்பலே உள்ள இருக்கிற மாதிரி கத்துறியே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அடி மறந்துவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

கும்பலுக்கு வராத வித்தை இல்லை. பாடுவாள், ஆடுவாள், பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி தாளம் போடுவாள். ஒருவர் மாடிப்படி ஏறி வருவதை இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், அவர் இறங்கிப் போவதற்குள் அவர் மாதிரியே ஏறிக் காட்டுவாள். தையல் தெரியும், கதை கட்டத் தெரியும், நினைத்த மாத்திரத்தில் அழத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருத்திக்கு உலகம் என்ன வேலை கொடுக்கும்? ஒரு டிரை கிளீனிங் கடையில் கவுன்ட்டர் வேலை கொடுத்தது.

பழைய நாலு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் கடை. முன்னால் கவுன்ட்டர், பின்னால் ஆள் உயர மெஷின், அதற்கும் பின்னால் நீராவி கக்கும் இஸ்திரி மேசைகள். தலைக்கு மேல் கம்பியில் பிளாஸ்டிக் உறை போட்ட துணிகள் தொங்கும். வருகிற துணியை வாங்கி, பாக்கெட்டுகளைத் துழாவி, கறை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நம்பர் சீட்டைக் குத்துவது அவள் வேலை. கறை எதனால் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பின்னால் இருப்பவர் அதற்கேற்ற மருந்தைப் போடுவார். பத்துக்கு ஒன்பது பேர் பொய் சொல்வார்கள். காலரில் லிப்ஸ்டிக் இருக்கும், சிவப்பு மை என்பார்கள். பொய் சொல்லும்போது கண் எங்கே போகிறது, கை எதைத் தேடுகிறது, தொண்டை எப்படிச் செருமுகிறது என்பதையெல்லாம் பதினொரு வருடம் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நடிப்புப் பள்ளிக்கூடம் என்று வேறெங்கும் அவள் போகவில்லை.

வீடியோ எடுக்க ஆரம்பித்தபோது அவளுக்கு முப்பத்தொன்று. உடன் நடித்தவன் அவள் தம்பி, இரண்டு வயது இளையவன். அவன் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தான். சமையலறையில்தான் காலை வெளிச்சம் நன்றாக விழும். போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அக்கா அப்பாவாகவும் அம்மாவாகவும் அத்தையாகவும் மாமாவாகவும் மாறி மாறி வருவாள். தம்பி தம்பியாகவே வருவான். அவனுக்கு வேறு எதுவும் வராது. தபால்காரர் முகவரி படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் பேசுவான், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஆனால் அந்தக் காலைகளில் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பார்த்தவர்கள் முந்நூறு நானூறு பேர். அதில் பாதி பேர் சொந்தக்காரர்கள்.

உடுப்புக்குக் கடைதான் கைகொடுத்தது. வெள்ளிக்கிழமை வெளுத்து வந்த துணி திங்கள்கிழமை வரை கம்பியில் சும்மாதானே தொங்குகிறது என்பது அவள் நியாயம். மாமா வேடத்துக்கு ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு நாள் கழித்து வக்கீல் போனை ஆட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் கேட்டார்: "இது என் கோட்டுதானே? எத்தனை பேர் பாத்திருக்காங்க?" எண்ணிக்கையைச் சொன்னார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த தடவை சாம்பல் கலரை எடுத்துக்கோங்க. கறுப்பு வீடியோவுல எடுப்பா இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முதலாளி கண்டும் காணாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

பிறகு வந்ததுதான் இன்டர்வியூ வீடியோ. வேலைக்கு நேர்காணல் போய்விட்டுத் திரும்பிய தம்பியை வீடே சுற்றி நின்று விசாரிக்கிறது. யார் என்ன கேட்டாலும் அவனுக்கு ஒரே பதில்தான்: "அக்கா, நான் என்ன பண்ணேன்?" எடுத்து முடித்ததும் தம்பி வெளியே போய்விட்டான். சாயங்காலம் வீடியோ வெளியானபோது அந்த வசனம் அவன் குரலில் இல்லை. மூக்கால் இழுத்து, கடைசியில் ஒரு கீச்சு வைத்து, கும்பல் தானே பேசி ஒட்டியிருந்தாள். "தண்ணி மோட்டார் ஓடிருச்சுடா. உன் குரல் மொத்தமும் கெட்டுப்போச்சு. வேற வழியில்ல" என்றாள். அவன், "சரி" என்றான்.

ஒரு வாரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. பள்ளிக்கூட வேன்களில் பிள்ளைகள் கத்தினார்கள். டீவி விளம்பரக்காரர்கள் அதைச் சுட்டுப் போட்டுக்கொண்டார்கள். பல் மருத்துவர் ஒருவர் நோயாளியின் வாயைப் பார்த்துவிட்டு அந்தக் கீச்சுக் குரலில் பேசும் வீடியோ வந்தது. கும்பலை அடையாளம் கண்டு பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். நாற்பது லட்சம் பேர் பார்த்த அந்த வீடியோதான் அவளை ஆளாக்கியது, இதில் இரண்டு பேச்சு கிடையாது.

ஒரு மாதம் கழித்துத் தம்பி, "கூரியர் வேலை ஒண்ணு வந்திருக்கு. வேன் ஓட்டணும். இனிமே காலையில வர முடியாது" என்றான். அம்மாவுக்குச் சந்தோஷம், நிலையான சம்பளம். கும்பலுக்குத் திக்கென்றது. ஆனால் மறுநாளே ஒரு பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தம்பி வேடத்தையும் தானே போட்டாள். பார்த்தவர்களில் ஒருவர்கூட ஆள் மாறியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குரல் அதே குரல்தானே.

தம்பி தனியாக வீடு பார்த்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான், ஒழுகுகிற குழாயைச் சரிபார்ப்பான், அம்மாவோடு உட்கார்ந்து பேசுவான். அக்காவோடும் பேசுவான், பார்சல் கொடுக்க வந்தவன் கையெழுத்துக் கேட்கிற அளவுக்கு. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். இப்படி ஐந்தரை வருடம் ஓடியது.

அந்த ஐந்தரை வருடமும் கும்பல் தனி ஆளாகக் கொடிகட்டிப் பறந்தாள். அவள் வேலை செய்யும் முறை இதுதான். ஒரு வேடத்தின் வசனங்களை எல்லாம் முதலில் மொத்தமாகப் பேசி எடுத்துவிடுவாள். பிறகு உடுப்பு மாற்றி அடுத்த வேடம். எதிரில் ஆள் கிடையாது. பார்வை நிற்க வேண்டிய இடத்தில் சுவரில் ஒரு பொட்டுக் காகிதம். எதிராளி பேச எவ்வளவு நேரமாகும் என்று தெரிய வேண்டுமே, அதற்காக அவர் வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே நிற்பாள். மனதுக்குள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உண்மையில் உதடும் கூடவே பேசிக்கொண்டிருந்தது. வெட்டி ஒட்டும்போது அந்தத் துண்டுகள் போய்விடுவதால், அது ஒரு குறை என்பதே அவள் புத்திக்கு எட்டவில்லை.

அது எட்டியது ஒரு சினிமா படப்பிடிப்பில். ஒரு பெண் டைரக்டர் அவள் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு விட்டிருந்தார். பள்ளி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேடம். மகளின் சான்றிதழைக் கேட்டு ஒரு அப்பா வந்து கெஞ்சுகிறார். குமாஸ்தாவுக்கு மூன்றே வசனம், மூன்றும் முடியாது என்பதன் வேறு வேறு வடிவம். மீதி நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு முகம் இளகி, கடைசியில் முத்திரையை எடுக்க வேண்டும். சின்ன வேடம்தான். ஆனால் கும்பல் அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தாள். பதினொரு லட்சம் பேர் அவளைத் தொடர்கிறார்கள், சரி. எதிரில் ஒரு மனுஷர் நின்று அவளோடு நடித்து எத்தனை வருடமாயிற்று? போனில் வேடிக்கை காட்டுகிறவள், நடிகை இல்லை என்று யாரோ எழுதிய ஒரு வரி மூன்று வருடமாக அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

முதல் டேக். எதிரில் முப்பது வருடம் நடித்துப் பழுத்த நடிகர். அவர் பேச ஆரம்பித்து இரண்டு வரி போவதற்குள் "கட்" என்றார் டைரக்டர். "உதடு அசையுது, மேடம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. சார் பேசுறதை நீங்களும் பேசுறீங்க."

மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அப்பா கண் கலங்கிக் கெஞ்சுகிறார். குமாஸ்தா அவர் வசனத்தை ஒரு எழுத்து விடாமல், சத்தமில்லாமல், அவரைவிட உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்த டேக்கில் பல்லைக் கடித்துக்கொண்டாள், தாடை அசைந்தது. அதற்கடுத்ததில் மூச்சை அடக்கிக்கொண்டாள், முகம் சிவந்து யாரோ கழுத்தைப் பிடித்தது போல ஆயிற்று. ஏழாவது டேக்கில் நடிகர் பொறுமையிழந்து, "ஏம்மா, என் டயலாக்கையும் நீயே பேசிட்டா நான் வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கும்பலும் சிரித்தாள்.

பதினொன்றாவது டேக்கோடு டைரக்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். "வியாழக்கிழமை இந்தக் காட்சியை மறுபடி எடுக்கறேன். அன்னைக்கும் உதடு அசைஞ்சா வேற ஆளைப் போட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க." அன்று திங்கட்கிழமை.

செவ்வாய் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடியிலும் அவளேதான் நின்றாள், அதனால் ஒரு பயனும் இல்லை. அம்மாவை உட்கார்த்தி வைத்து அப்பாவின் வசனத்தைப் படிக்கச் சொன்னாள். அம்மா இரண்டு வரி படித்துவிட்டு, "பாவம், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடேன்டி" என்றாள். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "அவனைக் கேளேன். அவன்தானே உன்கூட நின்னவன்" என்றாள்.

கேட்க நாக்கு எழவில்லை. புதன்கிழமை காலையில்தான் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் வழக்கமான நீண்ட இடைவெளி.

"பன்னெண்டரைக்கு வண்டி கோடவுன் பின்னாடி நிக்கும். அரை மணி நேரம்தான் இருக்கும், பரவாயில்லையா?" என்றான் தம்பி.

வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் கூரை வரை அட்டைப் பெட்டிகள். டாஷ்போர்டில் டெலிவரி லிஸ்ட், பேனா, பழுப்பு நிறப் பார்சல் டேப், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். தம்பிக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் அன்றுதான் கவனித்தாள்.

அவன் காகிதத்தை வாங்கிப் படித்தான். அதே தபால்காரர் குரல். "முடியாதுன்னு சொல்லாதீங்க மேடம். என் பொண்ணு நாளைக்கு அங்க சேரலைன்னா இடம் போயிடும் மேடம்."

"நிறுத்து. உதடு அசைஞ்சுதா?"

"அசையுது."

"இப்ப?"

"இப்ப பேசவே பேசுறே."

மறுபடி படித்தான், மறுபடி அசைந்தது. மூன்றாவது தடவை காகிதத்தை மடியில் வைத்துவிட்டு டேப்பை எடுத்தான். சர்ரென்று ஒரு துண்டு கிழித்து, அவள் என்ன ஏதென்று கேட்பதற்குள் வாயின் மேல் ஒட்டி, பார்சலுக்கு அழுத்துகிற மாதிரி இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திவிட்டான். கும்பல் மூக்கால் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். பழைய சமையலறைச் சிரிப்பு அது, இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பிறகு அவன் முதலிலிருந்து படித்தான். நிதானமாக, வரி வரியாக. டேப்புக்கு அடியில் அவள் உதடு முட்டிக்கொண்டே இருந்தது. பக்கம் முடிந்தது. அவன் காகிதத்தை நாலாக மடித்து டெலிவரி லிஸ்ட்டின் மேல் வைத்தான்.

"இன்னும் இருக்கு" என்றான்.

அவள் காகிதத்தைக் காட்டி, தீர்ந்துவிட்டது என்று கையால் சொன்னாள்.

"அதுல இல்ல." அவன் முன்கண்ணாடி வழியாகக் கோடவுன் சுவரைப் பார்த்தான். "அந்த இன்டர்வியூ வீடியோவுக்கு மோட்டார் சத்தம்னு சொன்னே. அன்னைக்கு ராத்திரியே உன் போனை எடுத்துக் கேட்டேன் அக்கா. மோட்டார் ஓடல. என் குரல் தெளிவா இருந்துச்சு."

கும்பல் அசையவில்லை.

"நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தா சரின்னு இருந்திருப்பேன். இன்னொரு தடவை பேசச் சொல்லியிருந்தா பேசியிருப்பேன். எனக்கு என்ன வேலை, வீட்லதானே இருந்தேன்." வழக்கமான இடைவெளி. அவள் காத்திருந்தாள். "போன மாசம் ஒரு வீட்டுக்குப் பார்சல் கொண்டு போனேன். காலேஜ் படிக்கிற பொண்ணு. என்னை அடையாளம் தெரிஞ்சுடுச்சு. அந்த வசனத்தைச் சொல்லுங்கண்ணான்னு கேட்டுச்சு. சொன்னேன். இப்படி இல்லண்ணா, உங்க நிஜக் குரல்ல சொல்லுங்கன்னுச்சு. இதான்மா என் குரல்னேன். நம்பல. வாசல்ல நிக்க வெச்சுக் கெஞ்சுது."

அவன் ஸ்டியரிங்கைத் துடைத்தான். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"அப்புறம் நீ பண்ண குரலை நான் பண்ணிக் காட்டினேன் அக்கா. மூக்கால இழுத்து, அந்தக் கீச்சு எல்லாம் வெச்சு. அது கேட்டுட்டு, கிட்டத்தட்ட வருது, ஆனா சரியா வரலண்ணான்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திருச்சு."

கும்பலின் இரண்டு கைகளும் மடியில் சும்மாதான் இருந்தன. டேப்பைப் பிய்த்துப் போட ஒரு நொடி ஆகாது. அவள் பிய்க்கவில்லை. வெட்கம் காது வரை ஏறியது. அழுகை வந்திருந்தால் அதிலும் கொஞ்சம் நடிப்பு கலந்திருக்கும், வந்தது வெறும் வெட்கம். அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவர் வாயைப் பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தை என்னவென்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருப்பது நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. டேப்புக்கு அடியில் உதடு எப்போதோ அடங்கியிருந்தது.

மணி ஒன்றாயிற்று. "வலிக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் டேப்பை ஒரே இழுப்பாக இழுத்தான். "இப்ப நீ சொல்லு."

அவளுக்கு எத்தனையோ பதில்கள் தெரியும். கடைக்கு வந்தவர்கள் கறையைக் காட்டிச் சொன்ன சமாதானங்களே ஆயிரம் இருந்தன. "மோட்டார் ஓடலடா" என்று மட்டும் சொன்னாள்.

அவன் தலையாட்டினான். சாவியைத் திருப்பினான். "உன்னை எங்க இறக்கி விடட்டும்?"

வியாழக்கிழமை நடிகர் பேசியபோது கும்பல் கேட்டாள். நடுவில் அவர் ஒரு வரியை மறந்து திணறினார், அவளும் அவரோடு சேர்ந்து காத்திருந்தாள். அந்தத் திணறல் காட்சிக்கு நன்றாக இருக்கிறது என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். இரண்டாவது டேக்கில் ஓகே. படம் வந்தது, சுமாராக ஓடியது. அவள் வருவது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடிகை இல்லை என்று அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அப்போது அவளுக்கு வேறு கவலை இருந்தது.

திரும்பவும் சேர்ந்து நடிக்கலாமா என்று தம்பியிடம் கேட்டுப் பார்த்தாள். "வேணாம்க்கா. எனக்கு வண்டிதான் பிடிச்சிருக்கு" என்றான். அது கோபமில்லை, அவனுக்கு உண்மையிலேயே வண்டிதான் பிடித்திருந்தது. ஆனால் இன்டர்வியூ வீடியோவுக்கு அவன் குரலை எடுத்துத் தரச் சம்மதித்தான். பழைய பதிவு அவளிடம் இல்லை. இடம் போதவில்லை என்று எப்போதோ அழித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால், சமையலறையில் நின்று அந்த வசனம் வருகிற ஐந்து இடங்களுக்கும் பேசிக் கொடுத்தான். கும்பல் போனைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

நாற்பது லட்சம் பேர் பார்த்த பழைய வீடியோவை கும்பல் அழித்தாள். அவன் குரலோடு புதியதைப் போட்டாள். ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். சேனலை யாரோ திருடிவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். டப்பிங் கேவலம் என்றார்கள், தூக்கம் வருகிறது என்றார்கள், ஒரிஜினல் குரலைத் திரும்பப் போடும்படி கெஞ்சினார்கள். குரல் கொடுத்த இந்த ஆள் யார், இவனை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்த ஒருவருக்கு மட்டும் அவள் பதில் எழுதினாள்: "என் தம்பி. அவன் இப்படித்தான் பேசுவான்."